பத்து முறை மினுக்கினால்

கதவு முக்கால்வாசி ஏறிவிட்டால் போதும், கார் நழுவி வெளியே போய்விடும் என்று கண்ணாடிக்காரர் போட்ட கணக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முப்பது வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணை அளந்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் வில்லை வெட்டிக் கொடுப்பவர். தன் காரின் கூரைக்கும் தன் கார் ஷெட் கதவின் அடிவிளிம்புக்கும் நடுவே எத்தனை விரற்கடை இருக்கிறது என்பது மட்டும் அன்று காலை அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. ரிவர்ஸ் கியர், ஒரு மிதி, டமால். கதவின் கீழ்ப்பலகை பிதுங்கியது. மேலே ஸ்பிரிங் அறுந்து, சுவரில் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டு ஓய்ந்தது.

பின்சீட்டில் அவர் மனைவி படுத்திருந்தாள். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் அந்த டமாலுக்குக் கண்ணைத் திறந்தாள்.

"விடுங்க, கதவையும் சேத்தே அட்மிட் பண்ணிரலாம். பக்கத்து பக்கத்து பெட்டா கேளுங்க."

அது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று மாலை ஆறு மணிக்கு அவள் வீடு திரும்புகிறாள், சக்கர நாற்காலியில். வீடு சரிவில் கட்டியது. வாசலுக்குப் பதினோரு படி, படுக்கையறைக்கு அதற்கு மேல் பதினாறு. தெருவோடு சமமாக இருப்பது கார் ஷெட் ஒன்றுதான். அதற்குள்ளேயே ஓரமாக ஒரு சின்னக் கழிவறையும், மேலே ஏறும் படிக்கட்டும் இருந்தன. எனவே கண்ணாடிக்காரர் காரைத் தெருவில் தள்ளிவிட்டு, ஷெட்டையே அவளுக்கு அறையாக்கிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில், புதுப் போர்வை, கைக்கெட்டும் உயரத்தில் மேசை விளக்கு, ஒரு பக்கம் திரை, எழுந்து நிற்கும்போது பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. எல்லாம் தயார். அந்த அறைக்கு நாலாவது சுவர் மட்டும் இல்லை. நாலாவது சுவர் என்பது கதவு. கதவு மூட மறுத்தது.

மெக்கானிக் முந்தின நாள் வந்து ஸ்பிரிங்கை மாற்றினான், பலகையை நிமிர்த்தினான், கதவின் இரண்டு பக்கமும் கணுக்கால் உயரத்தில் புதிதாக இரண்டு சென்சார் கண்களையும் பொருத்தினான். ஒரு கண் எதிர்க் கண்ணைப் பார்த்து, மனிதருக்குத் தெரியாத ஓர் ஒளிக்கோட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் எதுவும் இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும், கதவு இறங்கும். நடுவில் யாராவது நின்றால் பச்சை அணையும், இறங்குகிற கதவும் வந்த வழியே திரும்பிவிடும். வேலை முடிந்ததும் மெக்கானிக் இரண்டு தடவை ஏற்றி இறக்கிக் காட்டினான். இரண்டாவது தடவை கதவு மேலே போனபோது ஷெட்டின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்ல வேற யாரு சார் இருக்காங்க?"

"நான் மட்டும்தான். மேடம் நாளைக்குதான் வர்றாங்க. ஏன்?"

"சும்மாதான் சார்."

டீ போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். பைக்கை உதைத்தான். அவன் போன பிறகுதான் கண்ணாடிக்காரர் பார்த்தார்: ஏணி சுவரோரம் சாய்ந்து நின்றது. ஒரு மெக்கானிக் ஸ்பேனரை மறப்பான், டெஸ்டரை மறப்பான். ஆறடி அலுமினிய ஏணியை எப்படி மறப்பான்? ஆள் காதலில் இருக்கிறான் போலிருக்கிறது என்று அப்போது அவர் சிரித்துக்கொண்டார்.

அப்போதிலிருந்து கதவு இறங்கவில்லை. ரிமோட்டை அமுக்கினால் மோட்டார் உறுமும், சங்கிலி கடகடவென்று ஓடும், கதவு நெஞ்சுயரம் வரை சமர்த்தாக இறங்கும், பிறகு ஏதோ மறந்துவிட்டது போல நின்று மேலே போய்விடும். மோட்டாரில் இருக்கும் விளக்கு பத்து முறை மினுக்கும். கையேட்டைத் தேடியெடுத்து, தான் விற்கும் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு படித்தார். பத்து முறை மினுக்கினால்: குறுக்கே ஏதோ உள்ளது. அகற்றவும்.

குறுக்கே மழைச்சாரலைத் தவிர ஒன்றும் இல்லை.

மணி மூன்றரை. மழை காலையிலிருந்தே விடவில்லை. வானம் கழுவாத பாத்திரம் போல இருந்தது. ஷெட்டுக்குள் கிரீஸ் வாசனை, புதுப் போர்வையின் கஞ்சி வாசனை. இரண்டுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. வருடக் கணக்கில் திறக்காத அலமாரிக்குள் ஈரத்துணியை வைத்துப் பூட்டியது மாதிரி. மழைக்கு எல்லா வீட்டிலும் இப்படித்தான் அடிக்கும் என்று கண்ணாடிக்காரர் தனக்குச் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டு, தனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினார். கண் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவர் எத்தனை ஆயிரம் பார்த்திருக்கிறார். இதுவும் ஒரு ஜோடிக் கண்தானே.

முதலில் துடைத்தார். கடையிலிருந்து எடுத்து வந்த மெல்லிய துணியால், வட்டமாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. பலனில்லை. பிறகு நேர்பார்த்தார். நூல் பிடித்து, ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு இழுத்துக் கட்டினார். நூல் நேராகத்தான் போனது. நடுவில் மட்டும் லேசாக, யாரோ விரலால் தாங்குவது போல, மேல்நோக்கி வளைந்திருந்தது. காற்று என்றார். அந்த நேரம் காற்று அடிக்கவில்லை. நூலை அவிழ்த்தார்.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"டிஸ்சார்ஜ் சீட்டு குடுத்துட்டாங்க. என் பெட்ல வேற ஒரு அம்மாவ ஏத்திட்டாங்க, நான் இன்னும் இறங்கவே இல்ல. ரெண்டு பேரும் ஒரே தலகாணிய வெச்சு சமாளிக்கிறோம்."

"வலி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. உங்கள விசாரிச்சுது."

"நேரா பதிலே வராதா உன் வாயில?"

"முப்பத்தோரு வருஷமா வரல, இடுப்பு உடைஞ்சதும் வந்துருமா? கதவு ரெடியா?"

"ரெடி," என்றார் கண்ணாடிக்காரர். குறுக்கே ஒன்றும் இல்லாத வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவளுடைய குரலில் ஒரு மெலிவு இருந்தது. கிண்டலின் அடியில் அது ஒளிந்திருப்பது அவருக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில் கிழவி விடிய விடிய அவளைத் தன் பேரன் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்திருந்தாள். சிரித்து முடித்ததும் சும்மா இருந்தாள். அந்தச் சும்மாதான் அவரை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. இன்று அவள் இங்கே படுக்க வேண்டும். மழைக்கும் தெருவுக்கும் திறந்து கிடக்கும் ஓர் இடத்தில் அவளைப் படுக்க வைக்க முடியாது. திருப்பி அனுப்பினால் கட்டிலும் கிடையாது. ஆக, ஆறு மணிக்குள் கதவு மூட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு கதவு. அதற்கு முன்னால் தோற்றுப்போக கண்ணாடிக்காரர் தயாராக இல்லை.

இரண்டு கண்களையும் பிடிமானத்திலிருந்து கழற்றினார். ஒயர் தாராளமாக விட்டிருந்தான் மெக்கானிக். காலி மூக்குக் கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து, வாசலின் இரு ஓரத்திலும் அடுக்கி, அவற்றின் மேல் கண்களை உட்கார வைத்தார். வாசலை எந்த உயரத்தில் எது மறைக்கிறது என்று பார்த்துவிட்டால் கோளாறு பிடிபட்டுவிடும். இது அவர் சொந்த மூளையில் உதித்த வழி. அதனால் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கணுக்கால் உயரத்தில் பச்சை அணைந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நொடி எரிந்தது. அணைந்தது. வெகுநேரம் கழித்து மறுபடி ஒரு நொடி. அணைந்தது. லூஸ் கனெக்‌ஷன் என்று ஒயரை ஆட்டினார், ஒன்றும் மாறவில்லை. அந்த எரிதலும் அணைதலும் எதையோ நினைவுபடுத்தின. கடையில் வரிசையில் நிற்கிறவர்கள் நேரமானால் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நிற்பார்கள். அது மாதிரி.

முழங்கால் உயரம். அணைந்தே இருந்தது. இடுப்பு உயரம். அணைந்தே இருந்தது.

நெஞ்சு உயரத்தில் பச்சை அணையவில்லை. மங்கியது. மெல்ல மெல்ல மங்கி, கிட்டத்தட்ட இல்லாமல் போய், மெல்ல மெல்லத் தெளிந்தது. பிறகு மறுபடியும் மங்கியது. கண்ணாடிக்காரர் அறியாமலே அதோடு சேர்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தெரிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு பிடித்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு மங்கியது, தெளிந்தது, மங்கியது.

மெக்கானிக் விட்டுப்போன ஏணியில் ஏறி, கதவு ஓடும் இரண்டு தண்டவாளத்திலும் கண்களை டேப்பால் ஒட்டினார். தன் தலை உயரம்: அணைவு. தன் தலைக்கு ஒரு முழம் மேலே: அணைவு. கதவுச் சட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே வந்தபோதுதான் பச்சை அசையாமல் நின்று எரிந்தது. ஒவ்வொரு உயரத்துக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. முதல் சில தடவை வாசலின் குறுக்கே நேராகத்தான் நடந்தார். இப்போது சட்டை ஏன் தெப்பமாக நனைந்திருக்கிறது என்று யோசித்தார். வாசலின் நடுவை விட்டு விலகி, தெருவில் இறங்கி, மழையில் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கால்கள் அவரைக் கேட்காமல் முடிவெடுத்திருந்தன.

"அட வெட்கங்கெட்ட காலே," என்று சத்தமாகச் சொன்னார்.

வேண்டுமென்றே போய், நடுவில் கையை நீட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. குளிர்ந்தது. முன்கையில் இருந்த முடி மொத்தமும் ஒரே பக்கமாகப் படிந்தது, யாரோ ஈரத்துணியால் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பொறுமையாகத் தடவிவிட்டது போல. கையை இழுத்துக்கொண்டார். வாசனை கையோடு வந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஐந்தாவது தடவை எடுத்தான்.

"தம்பி, கதவு மூட மாட்டேங்குது."

"தெரியும் சார்."

"தெரியுமா? தெரிஞ்சேதான் போனீங்களா?"

"அப்படியில்ல சார். ரெண்டு நாள் திறந்தே வைங்க. தானா சரியாயிடும்."

"தானா சரியாக அது என்ன ஜலதோஷமா? எதனால மூடலன்னு சொல்லுங்க."

மறுமுனையில் பஸ் ஹாரன், மழை, யாரோ கடையில் விலை கேட்கும் சத்தம். சாதாரணமான உலகம். அங்கே போய் நின்றுவிட வேண்டும் போல இருந்தது.

"கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும் சார்."

"எதுக்கு காத்தோட்டம்? கதவுக்கா?"

"சார், நீங்க மேல போய் ரூம்ல இருங்க. ரெண்டே நாள். மூடணும்னு மட்டும் முயற்சி பண்ணாதீங்க."

"உங்க ஏணி இங்க இருக்கு."

"நீங்களே வெச்சுக்கோங்க சார்," என்றான். அவ்வளவு அவசரமாக எவரும் தன் பொருளைத் தாரை வார்த்து அவர் கேட்டதில்லை. இணைப்பு அறுந்தது. அடுத்த தடவை அழைத்தபோது கைப்பேசியை அணைத்து வைத்திருந்தான்.

ஐந்தேகால். ஆஸ்பத்திரி வேன் கிளம்பியிருக்கும்.

கண்ணாடிக்காரருக்குப் பயமாகத்தான் இருந்தது. அதில் அவருக்கு எந்த வெட்கமும் இல்லை. கரப்பான் பறந்தால் நாற்காலியில் ஏறுகிற ஆள் அவர். ஆனால் இந்தப் பயத்துக்குள்ளிருந்து கோபம் ஒன்று எழுந்து வந்தது. பன்னிரண்டு நாளாக அவர் கட்டிலைத் தூக்கினார், திரை தைத்தார், கம்பி அடித்தபோது கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். விளக்கு அவள் கைக்கு எட்டுமா என்று பார்க்க அந்தக் கட்டிலில் அவள் மாதிரியே ஒருக்களித்துப் படுத்துக்கூடப் பார்த்தார். இதெல்லாம், தெருவிலிருந்து வந்து வாசலை மறிக்கிற ஏதோ ஒன்றுக்காகவா?

வாசலைப் பார்த்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒன்றுமில்லாத இடத்தை நிமிர்ந்து, தன் தலைக்கு ஒரு முழம் மேலே பார்த்துப் பேசினார்.

"இங்க பாரு. நீ யாரா வேணா இரு. ஆறு மணிக்கு என் பொண்டாட்டி வர்றா. இந்த வாசல் அவளுக்கு. உனக்கு இந்த வீட்ல இடம் இல்ல. தெருவுல நில்லு, மழையில நில்லு, எங்க வேணா போ. உள்ள மட்டும் விட மாட்டேன். எனக்குக் குரல் நடுங்குதேன்னு பாக்காத. எனக்கு எப்பவும் இப்படித்தான்."

பிறகு, கடையில் யாருக்கும் ஒருபோதும் செய்யாத ஒரு வேலையைச் செய்தார். இரண்டு கண்களையும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்கும்படி சேர்த்து வைத்து, டேப்பால் இறுக்கிச் சுற்றினார். இனி அவை ஒன்றையொன்றுதான் பார்க்கும். வாசலில் யானையே நின்றாலும் தெரியாது. பச்சை விளக்கு பளிச்சென்று, சந்தோஷமாக எரிந்தது.

வாசலின் வலப்பக்கத் தூணில் சுவிட்ச். உள்ளே நின்றுகொண்டு அமுக்கினார்.

மோட்டார் உறுமியது. சங்கிலி ஓடியது. கதவு இறங்கியது. அவர் தலைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் ஒரு குலுக்கல், பலகைகள் முனகின. நின்றுவிடும் என்று பல்லைக் கடித்தார். நிற்கவில்லை. நெஞ்சுயரத்தில் இன்னொரு குலுக்கல், மெலிதாக, யாரோ பின்வாங்கி வழிவிட்டது போல. பிறகு தடங்கலில்லை. தெரு குறுகியது, மழை குறுகியது, வெளிச்சம் ஒரு பட்டையாகி, ஒரு கோடாகி, அடி ரப்பர் தரையைத் தொட்டு ஒரு பெருமூச்சோடு அழுந்தியது.

மூடிவிட்டது.

"எப்படி!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். கதவை உள்ளங்கையால் தட்டினார். "நில்லு வெளியவே! நல்லா நில்லு!" ஷெட்டுக்குள் அவர் குரல் மோதித் திரும்பியது. சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. மனைவியிடம் சொல்லும்போது இந்த வேட்டி மடித்துக் கட்டிய இடத்தைக் கொஞ்சம் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மோட்டார் விளக்கு சில நிமிடம் எரியும், பிறகு தானாக அணையும். அணைந்தது.

இருட்டு. மழைச் சத்தம் போர்வைக்குள் போய்விட்டது. மேசை விளக்கு அந்தக் கோடியில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்தடி தூரம். போய்ப் போட வேண்டும். திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை.

வாசனை போகவில்லை. அதைத் தெருவில் விட்டுத்தானே கதவை மூடினார்? போயிருக்க வேண்டும். அது கூடியிருந்தது. ஈரத்துணி. பூட்டிய அலமாரி. பின்கழுத்துக்கு வெகு அருகில்.

வேட்டி ஈரம். அதுதான் நாறுகிறது. வேறென்ன.

மனைவிக்கு வழுக்கக் கூடாதென்று தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டிருந்தார். கால் வைத்தால் மெத்தென்று அழுந்தி, எடுத்தால் உறிஞ்சுகிற சத்தம் வரும்.

அழுந்தியது.

அவர் கால் அசையவில்லை.

உறிஞ்சியது. சற்றுக் கழித்து, அழுந்தியது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு. வரிசையில் நிற்கிறவர் மாதிரி. கதவு திறக்கக் காத்திருக்கிறவர் மாதிரி.

திறந்தே வைங்க சார். ரெண்டே நாள்.

கண்ணாடிக்காரருக்கு அப்போது புரிந்தது. கண் தெரியாதவர்போல, தெருப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். வாசலில் நின்றது உள்ளே வர நிற்கவில்லை. உள்ளிருந்து வந்து, வாசல்வரை வந்து, வெளியே போகத் தயங்கிக்கொண்டு நின்றது. அவர்தான் கதவை அதன் முகத்துக்கு முன்னால் மூடினார். போ போ என்று திட்டிக்கொண்டே உள்ளே வைத்துப் பூட்டினார்.

தூணைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியில் சுவிட்ச்.

வெளியே ஹாரன்.

வேன் கதவு திறக்கும் சத்தம். டிரைவரின் குரல், "மெதுவா மேடம், மெதுவா." சக்கரங்கள் ஈரத் தெருவில் உருண்டன. நடுவில் கைப்பேசி இல்லை, கதவு இல்லை என்பது போல மனைவியின் குரல் நேராக வந்தது.

"ஏங்க! வீட்டம்மா வந்திருக்கா. திறக்கறதா உத்தேசம் இருக்கா, இல்ல இன்னொரு தடவ வண்டிய விட்டு இடிக்கணுமா?"

அமுக்கியது அவர் விரல்தான். அந்தக் குரலுக்கு முப்பத்தோரு வருடமாகப் பழகிய விரல். கதவு எழும்பியது. வேனின் முன்விளக்கு வெளிச்சம் அடியில் புகுந்து, விரிப்பின் மேல் பாய்ந்தது. அவர் நிழல் பின்னால் விழுந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் விரிப்பு வேகமாக அழுந்தியது, உறிஞ்சியது, அழுந்தியது. பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

மறுபடி அமுக்கினார். கதவு நின்றது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில்.

இன்னொரு தடவை அமுக்கினால் இறங்கிவிடும். கண்களைக் கட்டியாகிவிட்டது; நடுவில் எது இருந்தாலும் இறங்கும்.

"என்னங்க, அவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "உருண்டு உள்ள வரணுமா? நல்ல சிகிச்சையா இருக்கே." பிறகு, "மெக்கானிக் இன்னும் போகலையா?"

"ஏன் கேக்கற?"

"பின்ன? உங்க பின்னாடி ஒருத்தர வெறுங்காலோட நிக்க வெச்சிருக்கீங்களே. காலெல்லாம் எவ்வளவு ஊறிப்போயிருக்கு பாருங்க, பாவம். ஒரு செருப்பு குடுக்கக் கூடாதா?"

கண்ணாடிக்காரர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். நடுங்கின. நடுங்கட்டும். அகட்டி வைத்துக்கொண்டு வாசலுக்கு நடுவே நகர்ந்தார். சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல், கை எட்டும்வரை நகர்ந்தார். அவளுக்கும் அதற்கும் நடுவில். இவ்வளவு நேரம் வெளியே போ என்று துரத்தியவர். இப்போது அது போக வேண்டிய வழியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"டிரைவர்," என்று கூப்பிட்டார். குரல் கீச்சென்று வந்தது. செருமிக்கொண்டார். "டிரைவர், நாற்காலிய பின்னால இழுங்க. வேன்ல ஏத்துங்க."

"ஏன், உள்ள வர டிக்கெட் எடுக்கணுமா?" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு தடவ. ஒரே ஒரு தடவ கிண்டல் பண்ணாம சொல்லு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா கை நடுங்கிரும். நீ என்ன சொன்னாலும் இந்தக் கதவ மூடிருவேன், அது எங்கயும் போகாது, உன் பக்கம் வராது. இதோட நான் உள்ள இருந்துக்கறேன். என்கிட்ட இத்தன வருஷம் இருந்தவளுக்கே ஒண்ணும் ஆகல, இதுக்கு என்ன ஆயிரப்போகுது. ஆனா தெரிஞ்சுக்கிட்டு மூடணும். நேரா சொல்லு. இப்ப அது என்ன பண்ணுது?"

மழை பெய்தது. வேனின் எஞ்சின் ஓடியது. டிரைவரின் குடை தரையில் விழுந்து, வெளிச்சத்தில் ஒருமுறை உருண்டது. அவள் சிரிக்கவில்லை.

"குனியுதுங்க," என்றாள். "முடி தரையில பட்டுருச்சு. உங்க ரெண்டு காலுக்கும் நடுவுல முகம் வருது. என்னைத்தான் பாக்குது."